காலனிக் காலம் முதல் ஆலைக் காலம் வரை: அமெரிக்க வரலாற்றில் இடறவைக்கும் சொற்கள்

#1 பழுப்பேடு

முதுகலை வரலாறு படிப்பவர்களும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் அமெரிக்க வரலாற்றில் ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்ப இடறுகிறார்கள். வழிகாட்டிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி விளக்கம் இருக்கிறது. யார் யாருக்குப் பணம் கொடுத்தார், எத்தனை வருடம் கட்டுப்பட்டார், கொடுக்கத் தவறினால் என்ன ஆனது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருப்பதில்லை.

ஆகவே இந்த இழை. என் பட்டியல்: ஒப்பந்த ஊழியமும் அடிமை முறையும், 1773 தேயிலைச் சட்டம், காட்டன் ஜின் (பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம்), ‘அமெரிக்கன் சிஸ்டம்’, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வார சாகுபடி (விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை), டிரஸ்ட் (ஏகபோகக் கம்பெனிக் கூட்டு). தெரிந்தவர்கள் எண்களோடும் நடைமுறையோடும் எழுதுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

ஒப்பந்த ஊழியத்திலிருந்து தொடங்கலாம். வர்ஜீனியாவில் 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் புகையிலையைப் பயிராக்கிக் காட்டிய பிறகு நிலம் ஏராளம், ஆள் பஞ்சம் என்ற நிலை வந்தது. இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். கப்பல் கட்டணம் கட்ட வழியில்லாதவர், தன் உழைப்பை 4 முதல் 7 வருடம் வரை எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். ஒரே தாளில் இரண்டு பிரதி எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டு விளிம்பும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள்.

கரையிறங்கியதும் கப்பல் தலைவர் அந்த ஒப்பந்தத்தைத் தோட்டக்காரரிடம் விற்றுவிடுவார். மீதமுள்ள காலத்தைத் தோட்டக்காரர் இன்னொருவருக்கு விற்கலாம், வாரிசுக்கு எழுதி வைக்கலாம். கூலி கிடையாது, சோறு, துணி, தங்க இடம் மட்டும். ஓடிப்போய்ப் பிடிபட்டால், வெளியே இருந்த நாட்களைப் போல இரண்டு மடங்கு நாட்கள் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று 1643-லேயே வர்ஜீனியாவில் சட்டம் வந்துவிட்டது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ‘ஹெட்ரைட்’. 1618 முதல், ஒரு ஆளைக் கொண்டுவரக் கட்டணம் கட்டியவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். நிலம் போனது கட்டணம் கட்டியவருக்கு, வந்து உழைத்தவருக்கு அல்ல. பத்துப் பேரை இறக்கினால் 500 ஏக்கர், கூடவே பத்துப் பேரின் பல வருட உழைப்பு. பெரிய தோட்டங்கள் உருவான வழி இதுதான்.

காலம் முடிந்ததும் கிடைப்பது ‘விடுதலைப் பங்கு’. 1705 வர்ஜீனியா சட்டப்படி ஆணுக்கு 10 புஷல் (தானிய அளவு) மக்காச்சோளம், 30 ஷில்லிங், ஒரு துப்பாக்கி; பெண்ணுக்கு 15 புஷல், 40 ஷில்லிங். அந்தப் பட்டியலில் நிலம் இல்லை. நதிக்கரையில் நல்ல நிலமெல்லாம் முன்பே போய்விட்டதால் விடுதலையானவர்கள் எல்லைப்புறத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1676-ல் வர்ஜீனியா ஆளுநருக்கு எதிராக நடந்த பேக்கன் கலகத்தில் ஆயுதம் எடுத்தவர்களில் இவர்கள் கணிசம்.

அடிமை முறை எங்கே பிரிகிறது? 1662 வர்ஜீனியா சட்டத்தில். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று அது விதித்தது. தந்தை வழியைப் பார்க்கும் ஆங்கிலேய வழக்கத்தை அதற்காகவே திருப்பிப்போட்டார்கள். 1667-ல் ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்றார்கள். ஒப்பந்தம் ஒருவரோடு முடிகிறது. அடிமைத்தனம் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையையும் சொத்துக் கணக்கில் சேர்க்கிறது. விடையில் இந்த ஒரு வேறுபாட்டை விட்டால் மற்ற எதை எழுதியும் பயனில்லை.

#3 மேலைக்கரை

இரண்டு சேர்க்கைகள்.

பிலடெல்பியாவுக்கு வந்த ஜெர்மானியர்களில் பலர் ‘ரிடெம்ப்ஷனர்’ வகை. இவர்கள் ஊரிலேயே ஒப்பந்தம் போட்டவர்கள் அல்ல. கடனில் கப்பலேறி, இறங்கிய பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் கட்டணத்தைக் கட்ட யாரையாவது தேட வேண்டும். கிடைக்காவிட்டால் உழைப்பை விற்க வேண்டும். கப்பல் பாதித் தூரம் தாண்டிய பிறகு குடும்பத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய கட்டணமும் உயிரோடு இருப்பவர் தலையில் ஏறியது. பெற்றோர் இருவரும் இறந்து, அவர்கள் கடனுக்கும் சேர்த்துப் பிள்ளைகள் உழைத்த நிகழ்வுகள் உண்டு.

இன்னொன்று. 1834-க்குப் பிறகு மதராஸ் மாகாணத்திலிருந்து மொரீஷியஸ், நேட்டால் போன ஒப்பந்தக் கூலிகளை நினைத்துக்கொண்டு இதை எழுதாதீர்கள். அங்கே மாதக்கூலி உண்டு, பெரும்பாலும் ஐந்து வருடக் கெடு, மேற்பார்வைக்கு அரசு அதிகாரி என்று காகிதத்திலாவது ஒருவர். வர்ஜீனியா ஊழியருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

#4 துறைமுகம்

தேயிலைச் சட்டம் பற்றி: “பிரிட்டன் தேயிலை மீது புதிய வரி போட்டது, பாஸ்டன் மக்கள் கொதித்தார்கள்” என்று பல வழிகாட்டிகளில் இருக்கிறது. தவறு. 1773 சட்டம் புதிய வரி எதையும் போடவில்லை. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்பது 1767 டவுன்ஷெண்ட் சட்டத்திலேயே வந்தது. கண்ணாடி, ஈயம், வண்ணம், காகிதம் மீதான வரிகளை 1770-ல் எடுத்துவிட்டு, தேயிலைக்கு மட்டும் விட்டுவைத்தார்கள்.

1773-ல் மாறியது வியாபாரப் பாதை. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்கை லண்டன் ஏலத்தில்தான் விற்க முடியும். ஏலம் எடுத்த வணிகர் அமெரிக்க வணிகருக்கு அனுப்புவார், அவர் சில்லறைக் கடைக்கு விற்பார். கம்பெனி அப்போது கடனில் மூழ்கியிருந்தது, கிடங்குகளில் தேயிலை தேங்கிக் கிடந்தது. புதிய சட்டம் அதை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்ப அனுமதித்து, இங்கிலாந்தில் கட்டிய இறக்குமதி வரியைத் திருப்பியும் கொடுத்தது. விளைவு: 3 பென்ஸ் வரியையும் சேர்த்தே தேயிலை விலை இறங்கியது. டச்சுக் கடத்தல் தேயிலையோடு போட்டிபோடும் அளவுக்கு இறங்கியது.

அப்படியானால் எதற்குக் கோபம்? மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குடித்தால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இது ஒன்று. கம்பெனி பொறுக்கியெடுத்த சில முகவர்களுக்கு மட்டும் விற்பனை உரிமை என்பது இன்னொன்று. பாஸ்டன் முகவர்களில் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்களும் இருந்தார்கள்.

பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய டிசம்பர் 16 என்ற நாள் தற்செயல் அல்ல. கப்பல் துறைமுகத்துக்குள் வந்து 20 நாட்களுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். ‘டார்ட்மவுத்’ கப்பல் நவம்பர் 28-ல் வந்தது. கெடு டிசம்பர் 17-ல் முடிகிறது. வரி கட்டாமல் திரும்பிப் போக ஆளுநர் அனுமதிச் சீட்டு தர மறுத்துவிட்டார். துறைமுக வாயில் கோட்டைப் பீரங்கியின் கண்ணில் இருந்தது. பறிமுதலானால் சரக்கு கரைக்கு வரும், என்றாவது விற்பனைக்கும் போகும். அதனால் கெடுவுக்கு முந்தைய இரவே டார்ட்மவுத், எலினர், பீவர் மூன்றிலும் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். எடை சுமார் 92,000 பவுண்டு.

சார்ல்ஸ்டனோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே கெடு முடிந்ததும் சுங்கத்துறை தேயிலையைப் பறிமுதல் செய்து கிடங்கில் பூட்டியது. நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் போன கப்பல்கள் சரக்கை இறக்காமலே திரும்பின.

#5 பழுப்பேடு

நன்றி. இதை இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பேர் ‘புதிய வரி’ என்றே எழுதிவிட்டு வருகிறார்கள். ஒரு துணைக்கேள்வி: அந்தத் தேயிலை இந்தியாவில் விளைந்ததா?

#6 துறைமுகம்

இல்லை. முழுக்கச் சீனத் தேயிலை. பெரும்பகுதி ‘போஹீ’ என்ற மலிவான கறுப்புத் தேயிலை, கொஞ்சம் பச்சைத் தேயிலை. கேண்டன் துறைமுகத்தில் வாங்கி லண்டன் வழியாகப் போனது. அசாமில் தேயிலைத் தோட்டம் 1830களில்தான் தொடங்கியது, நீலகிரி அதற்கும் பிறகு.

#7 தறிச்சத்தம்

காட்டன் ஜின்னுக்கு வருகிறேன். அதைச் செய்த எலை விட்னி எந்தச் சிக்கலைத் தீர்த்தார் என்று புரிய, பருத்தியின் இரண்டு வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலோரத் தீவுகளில் விளைந்த நீளிழைப் பருத்தியின் கொட்டை கறுப்பு, வழவழப்பு. இரண்டு உருளைகளுக்கு இடையே விட்டால் பஞ்சு முன்னே போகும், கொட்டை பின்னே நின்றுவிடும். இந்தியாவில் நூற்றாண்டுகளாக இருந்த, கையால் சுற்றும் உருளை அரவையும் இதே தத்துவம்தான். ஆனால் உள்நாட்டு மேட்டு நிலத்தில் விளைவது குட்டையிழை. கொட்டை பச்சை, பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பிய்த்தால் ஒரு ஆளுக்கு நாளெல்லாம் உட்கார்ந்தும் ஒரு பவுண்டுப் பஞ்சு தேறும்.

1793-ல் ஜார்ஜியாவில் கேத்தரின் கிரீனின் மல்பெரி குரோவ் தோட்டத்தில் இருந்தபோது விட்னி செய்த இயந்திரம் இதுதான்: மர உருளை, அதில் வரிசை வரிசையாகக் கம்பிப் பற்கள். எதிரே சிறு பிளவுகள் உள்ள தடுப்பு. பிளவு கொட்டையைவிடக் குறுகலாக இருக்கும். பற்கள் பஞ்சைப் பிளவு வழியே இழுக்கும், கொட்டை இந்தப் பக்கமே உதிரும். பின்னால் இரண்டாவது உருளையில் தூரிகைகள். எதிர்த்திசையில் வேகமாகச் சுற்றிப் பற்களில் சிக்கிய பஞ்சைத் துடைத்தெடுக்கும். இந்தத் தூரிகைதான் உயிர்நாடி. அது தேய்ந்தால் பஞ்சு பற்களிலேயே சுருண்டு, இரண்டொரு சுற்றில் அடைத்துக்கொள்ளும். ஈரப் பருத்தியைப் போட்டாலும் அதே கதி. வேகம் கூடினால் இழை அறுந்து முடிச்சு விழும். பிளவு அகன்றால் கொட்டை நொறுங்கிப் பஞ்சோடு கலக்கும். கையால் சுற்றும் சிறிய ஜின்னிலேயே நாளுக்கு 50 பவுண்டு கிடைத்தது.

காப்புரிமை 1794 மார்ச் 14. அதனால் விட்னிக்குப் பெரிய பணம் வரவில்லை. அவரும் கூட்டாளி மில்லரும் இயந்திரத்தை விற்காமல், அரைத்துக் கொடுத்து ஐந்தில் இரண்டு பங்கு பஞ்சைக் கேட்டார்கள். எந்தத் தச்சரும் கொல்லரும் பார்த்தே செய்துவிடக்கூடிய இயந்திரம்; தோட்டக்காரர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். 1796-ல் ஹோட்ஜன் ஹோம்ஸ் கம்பிப் பற்களுக்குப் பதில் வட்ட ரம்பங்களைப் பொருத்தினார். பின்னால் பரவியது அந்த வடிவம்தான்.

இப்போது முக்கியமானது. “ஜின் உழைப்பைக் குறைத்தது” என்று எழுதினால் பாதி உண்மைகூட இல்லை. அது குறைத்தது கொட்டை நீக்கும் உழைப்பை மட்டும். 400 பவுண்டு பேல் (பஞ்சுப் பொதி) ஒன்றுக்கு ஏறக்குறைய 1,200 பவுண்டு கொட்டைப் பருத்தி வேண்டும், அதைச் செடியிலிருந்து பறிப்பது கையால்தான். பறிக்கும் இயந்திரம் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவலானது. அரவை வேகமானதும் பறிப்புக்கும் களைவெட்டுக்கும் ஆள் தேவை பெருகியது. 1790-ல் அமெரிக்காவில் அடிமைகள் சுமார் 7 லட்சம். 1860-ல் ஏறக்குறைய 39.5 லட்சம். வெளிநாட்டிலிருந்து அடிமை இறக்குமதி 1808-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது என்பதை மறக்காதீர்கள். வர்ஜீனியா, மேரிலாந்தில் குடும்பங்களைப் பிரித்து அலபாமா, மிசிசிபி, லூசியானாவுக்கு விற்றார்கள். ஒரு இயந்திரத்தைப் பற்றிய விடையில் இந்த மனிதர்களுக்கு இடம் இல்லையென்றால் அது விடையே அல்ல.

#8 மேலைக்கரை

தறிச்சத்தம் சொன்ன உருளை–ரம்ப வேறுபாட்டுக்கு நம் ஊரில் நேரடித் தொடர்பு உண்டு. 1840களில் கம்பெனி அமெரிக்கப் பருத்தித் தோட்டக்காரர்களைக் கோயம்புத்தூருக்கு வரவழைத்து, தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் அமெரிக்க ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்தது. ரம்ப ஜின்னும் வந்தது. நாட்டுப் பருத்தியின் இழை குட்டை என்பதால் ரம்பம் அதை அறுத்துவிடுகிறது என்ற குறை எழுந்தது. உள்நாட்டுப் போரில் (1861–65) அமெரிக்கப் பஞ்சு நின்றபோது தூத்துக்குடி வழியாகத் திருநெல்வேலிப் பருத்தி இங்கிலாந்தின் நெசவாலைப் பகுதியான லங்காஷயருக்குப் போனது.

#9 அளவுகோல்

‘அமெரிக்கன் சிஸ்டம்’ என்ற பெயரில் தொடர்பே இல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கேள்வியில் எது வருகிறது என்று முதலில் பாருங்கள்.

அரசியல் தலைவர் ஹென்றி கிளே பெயரோடு வந்தால் அது பொருளாதாரத் திட்டம்: இறக்குமதிக்குக் காப்பு வரி, தேசிய வங்கி, சாலை–கால்வாய்ப் பணிகள். இதன் எதிர்வினைதான் ‘நலிஃபிகேஷன்’. 1828 சுங்கவரியால் தெற்கு கொதித்தது. 1832 நவம்பரில் தென் கரோலினா அந்த வரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. 1833-ல் படைபலச் சட்டமும், வரியைப் படிப்படியாக 1842-க்குள் 20 சதவீதத்துக்கு இறக்கும் சமரசமும் ஒன்றாக வந்தன.

ஈரி கால்வாயைக் கிளே திட்டத்தின் சாதனையாக எழுதுவது பரவலான பிழை. 1817–25-ல் அதைக் கட்டியது நியூயார்க் மாநிலம், தன் சொந்தப் பணத்தில். 363 மைல், 83 நீர்ப்பூட்டுகள், ஆழம் வெறும் 4 அடி.

துப்பாக்கி, அளவுமானி, மாற்றுப் பாகங்கள் என்று வந்தால் அது உற்பத்தி முறை. எந்தத் துப்பாக்கியின் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் அராவாமல் பொருத்துவது. விட்னி 1798-ல் இரண்டு வருடத்தில் 10,000 துப்பாக்கி தருவதாக ஒப்பந்தம் போட்டு 1809-ல் முடித்தார். எஞ்சியுள்ள அவர் துப்பாக்கிகளில் பாகங்கள் முழுமையாக மாறிப் பொருந்துவதில்லை. இதை உண்மையில் சாதித்தவர் ஜான் ஹால், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையில், 1820களில். அவருடைய வழி: மூலமாதிரி ஒன்று, அதற்கேற்ற அளவுமானிகள், ஒவ்வொரு பாகத்தையும் அவற்றில் சோதிப்பது. தொழிலாளி கையில் இருக்கும் மானி தேயும். அதைத் தனியாகப் பாதுகாக்கும் மானியோடு அவ்வப்போது ஒப்பிடாவிட்டால், பாகங்கள் எல்லாம் ஒரே அளவில் தவறாக வரும்.

#10 தறிச்சத்தம்

ஆலைகளிலும் இரண்டு முறைகள். ரோட் ஐலண்டு முறை: 1790-ல் பாடக்கெட்டில் சாமுவேல் ஸ்லேட்டர். நூற்பு மட்டும் ஆலையில், நெசவு வீடுகளில்; வேலைக்குக் குழந்தைகளும் குடும்பங்களும். வால்தம்–லோவெல் முறை: 1814 வால்தம், பிறகு மெரிமாக் நதியில் லோவெல். பஞ்சு நுழைந்து துணியாக வெளியே வரும் வரை ஒரே கூரை. வேலைக்குக் கிராமத்து இளம்பெண்கள், கம்பெனி விடுதி. 1834-ல் கூலிக் குறைப்பு, 1836-ல் விடுதிக் கட்டண உயர்வு. இரண்டு முறையும் அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

#11 கணக்குப்பிள்ளை

போருக்குப் பிந்தைய வார சாகுபடி. குத்தகைதாரரையும் வாரதாரரையும் பிரித்தே எழுதுங்கள். சொந்தக் கோவேறு கழுதையும் கருவியும் உள்ளவர் பங்குக் குத்தகைதாரர். வழக்கமாகப் பருத்தியில் நாலில் ஒரு பங்கும் சோளத்தில் மூன்றில் ஒரு பங்கும் நில உரிமையாளருக்குக் கொடுப்பார். கையைத் தவிர எதுவும் இல்லாதவர் வாரதாரர், பாதி போய்விடும். சட்டத்திலும் வேறுபாடு உண்டு. விளைச்சல் குத்தகைதாரருடையது, வாரதாரரோ கூலிக்காரர் மட்டுமே, விளைச்சல் நில உரிமையாளருடையது என்று ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1872-ல் தீர்ப்பளித்தது.

கழுத்தை இறுக்கியது வாரத்தைவிடப் ‘பயிர்ப் பிணைக்கடன்’. விதைப்பதற்கு முன்பே, வரப்போகும் விளைச்சலைக் கடைக்காரரிடம் எழுதிக்கொடுத்து மாவு, பன்றி இறைச்சி, துணி எல்லாம் கடனில் வாங்குவார்கள். கடையில் ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு: 500 பவுண்டு பேல் ஐந்து, பவுண்டு 8 சென்ட். மொத்தம் 200 டாலர், வாரதாரர் பங்கு 100. ரொக்கத்தில் 80 டாலர் பெறும் சாமானைக் கடன் விலையில் 30 சதவீதம் கூட்டி 104 என்று எழுதியிருப்பார்கள். வட்டி 10 சதவீதம் சேர்த்தால் 114.40. வருடம் முழுக்கக் குடும்பமே உழைத்து, முடிவில் 14.40 டாலர் கடன். அதைத் தீர்க்கும்வரை வேறு கடைக்கும் போக முடியாது. சோளம் போட்டால் சாப்பாட்டுச் செலவாவது குறையும், ஆனால் கடைக்காரர் பருத்திதான் கேட்பார், உடனே காசாகும் பயிர் அது. எல்லோரும் பருத்தியே போட, விலை சரிந்தது. 1894-ல் பவுண்டுக்கு 5 சென்டுக்கும் கீழே போனது. மேலே உள்ள கணக்கில் 5 சென்ட் போட்டுப் பாருங்கள்: வாரதாரர் பங்கு 62.50 டாலர், கடன் 51.90.

#12 அச்சுக்கூடம்

டிரஸ்டை மூன்று படியாகப் பாருங்கள். முதலில் ‘பூல்’: போட்டி ரயில் கம்பெனிகள் சரக்கையும் வருமானத்தையும் பங்குபோட்டு, கட்டணத்தை இறக்குவதில்லை என்று பேசிவைப்பது. ஒருவர் ரகசியமாகத் தள்ளுபடி கொடுத்தால் போதும், உடைந்துவிடும். நீதிமன்றத்தில் இதை வலியுறுத்தவும் முடியாது. 1887 மாநிலங்களுக்கிடை வணிகச் சட்டம் ரயில்களுக்கு இதைத் தடையே செய்தது. அடுத்தது டிரஸ்ட்: 1882-ல் ஸ்டாண்டர்ட் ஆயில் கூட்டத்துக் கம்பெனிகளின் பங்குகள் 9 அறங்காவலர் கைக்குப் போயின, பங்குதாரருக்குக் கிடைத்தது சான்றிதழ். பேச்சு மீற வழியில்லை, ஏனென்றால் வாக்குரிமையே அந்த ஒன்பது பேரிடம். 1892-ல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் இதை உடைத்ததும் மூன்றாவது படி, ஹோல்டிங் கம்பெனி: ஒரு கம்பெனி இன்னொன்றின் பங்கை வைத்திருக்க நியூ ஜெர்சி சட்டம் அனுமதித்தது, 1899-ல் எல்லாம் அங்கே குடிபெயர்ந்தது. 1911-ல் உச்ச நீதிமன்றம் அதை 34 கம்பெனிகளாகப் பிரித்தது.

1890 ஷெர்மன் சட்டம் வந்தவுடன் ஏகபோகம் ஒடுங்கியது என்று எழுதாதீர்கள். 1895 இ.சி. நைட் வழக்கில், நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கையில் வைத்திருந்த கூட்டத்தை அந்தச் சட்டத்தால் தொட முடியவில்லை. உற்பத்தி வேறு, மாநிலங்களுக்கிடை வணிகம் வேறு என்றது தீர்ப்பு.

#13 பழுப்பேடு

இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். ‘ஹோம்ஸ்டெட் சட்டம்’, ‘ஹோம்ஸ்டெட் வேலைநிறுத்தம்’ இரண்டும் ஒரே பத்தியில் எழுதப்படுவதைப் பார்க்கிறேன்.

#14 அளவுகோல்

தொடர்பில்லை. 1892 வேலைநிறுத்தம் நடந்த ஹோம்ஸ்டெட், பிட்ஸ்பர்க் அருகே உள்ள எஃகு நகரம். கார்னகியின் ஆலை, மேலாளர் ஃபிரிக், ஆற்றுவழியே வந்த சுமார் 300 பிங்கர்ட்டன் தனியார் காவலர்கள், ஜூலை 6 மோதல்.

1862 ஹோம்ஸ்டெட் சட்டம் நிலத்தைப் பற்றியது. 1785 நில அளவை முறையில் 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதில் 36 பிரிவுகள், பிரிவுக்கு 640 ஏக்கர். அதில் கால் பங்கு, 160 ஏக்கர், ஹோம்ஸ்டெட். 21 வயது நிறைந்தவரோ குடும்பத் தலைவரோ பதியலாம், மணமாகாத பெண்ணும் பதியலாம். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்து, இரண்டு சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். பொறுக்க முடியாதவர் ஆறு மாதம் கழித்து ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம். மோசடி நுழைந்தது இந்த வழியில்தான். கால்நடை, மரக் கம்பெனிகள் பினாமி ஆட்களை வைத்துப் பதிந்தன. “12-க்கு 14 வீடு கட்டியிருக்கிறார்” என்று சாட்சி சத்தியம் செய்வார். அடியா அங்குலமா என்று சொல்லமாட்டார், கையளவு பொம்மை வீடு மேட்டில் நிற்கும்.

நேர்மையாகப் பதிந்தவர்களையும் மழை கைவிட்டது. 100-ஆவது தீர்க்கரேகைக்கு மேற்கே வருடத்துக்கு 20 அங்குல மழைகூட நிச்சயமில்லை. கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் தாராளம். அங்கே பாசனமில்லாமல் கோதுமைக்குப் போதாது, மேய்ச்சலுக்கும் போதாது. நிலம் காலியாகவும் கிடக்கவில்லை, பூர்வகுடி மக்களிடமிருந்து உடன்படிக்கையாலும் படையாலும் பறித்தது. 1887 டாஸ் சட்டம் அவர்களுக்கென்று மிஞ்சிய காப்பு நிலத்தையும் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று துண்டாக்கி, ‘உபரி’யை வெள்ளையருக்குத் திறந்துவிட்டது. 13.8 கோடி ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம் 1934-ல் 4.8 கோடி. 1862-ஐப் பற்றி எழுதும்போது 1887-ஐயும் அதே பத்தியில் எழுதுங்கள்.